மிதக்கும் மணியும் நல்ல மணிதான்

கோலார் தங்கவயல் அருகே கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் 108 அடி லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு ருத்ராட்சம் வாங்க நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இது ஒரிஜினல்தானா?” பலருக்கும் தெரிந்த சோதனை ஒன்றுதான். டம்ளர் தண்ணீரில் மணியைப் போட வேண்டும். மூழ்கினால் அசல், மிதந்தால் போலி.

கோலார் தங்கவயல் பக்கத்து மக்களுக்கு இந்தச் சோதனை மேல் நம்பிக்கை வருவது இயல்பு. எடையை வைத்துப் பொருளைப் பிரித்த ஊர் இது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் பூமிக்கடியில் வெட்டியெடுத்த பாறையை ஆலையில் பொடியாக்கி, தண்ணீரோடு ஓடவிடுவார்கள். லேசான கல்தூள் அடித்துக்கொண்டு போகும். தங்கத் துகள் கீழே தங்கும். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், அதே அளவு குவார்ட்ஸ் கல் சுமார் 2.65 கிராம். தப்பிய தங்கத்தைச் சயனைடு கரைசல் பிரித்தது. 2001இல் சுரங்கம் மூடிய பிறகும் அந்தக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் ஊரில் நிற்கின்றன.

ஒரே அளவு தங்கத்துக்கு எடை எங்கேயும் ஒன்றுதான். ருத்ராட்சமோ ஒரு பழத்தின் கொட்டை. மரக்கட்டையைப் போல நுண்ணறைகளால் ஆனது. அந்த அறைச்சுவர்களை மட்டும் எடை போட்டால் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் வரும். அதாவது தண்ணீரைவிடக் கனம். கட்டையை மிதக்க வைப்பது உள்ளே அடைபட்ட காற்று. என்னிடமிருந்த ஐந்துமுக மணி ஒன்றை, நன்றாகக் காய்ந்திருந்த நாளில் டம்ளரில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. இரவு முழுக்க ஊறவிட்டேன். விடிந்து பார்த்தால் அடியில் கிடந்தது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, அவ்வளவுதான். ஒரே மணி ராத்திரி போலியாகவும் காலையில் அசலாகவும் இருக்க முடியுமா? ஈயம் அடைத்த போலியோ போட்டவுடன் மூழ்கிவிடும்.

பிறகு எதைப் பார்த்து வாங்குவது? முகத்தைப் பார்க்க வேண்டும். எலியோகார்ப்பஸ் கனிட்ரஸ் என்பது இந்த மரத்தின் தாவரவியல் பெயர். நேபாளத்திலும் இமயமலை அடிவாரத்திலும் ஜாவாவிலும் வளர்கிறது. அதன் பூவின் சூலகத்துக்குள் சிறு அறைகள் உண்டு. பூ காயாகி, காயின் உள்ளோடு கல்லாக இறுகும்போது, எத்தனை அறையோ அத்தனை கோடுகள் மேலே தெரியும். நாம் முகம் என்று எண்ணுவது அந்தக் கோடுகளைத்தான். பெரும்பாலான பூக்கள் ஐந்து அறையோடு பூப்பதால் ஐந்துமுகம் தாராளமாகக் கிடைக்கிறது. அறை கூடியோ குறைந்தோ போவது அபூர்வம். விலை ஏறுவதும், கள்ள வேலை நுழைவதும் அங்கேதான்.

லென்ஸ் ஒன்று கையிலிருந்தால் போதும். இயற்கைக் கோடு மேல்முனையில் புறப்பட்டு, மேடு பள்ளங்களுக்கு நடுவே நெளிந்து, விடாமல் அடிமுனை சேரும். கருவியால் கீறிய கோடு நேராக, விளிம்பு கூராக இருக்கும். சில நேரம் பாதியிலேயே நின்றுவிடும். இரண்டு மணிகளை ஒட்டியிருந்தால், இணைப்பில் பசை பளபளக்கும். விலையுயர்ந்த மணியென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். உள்ளே உள்ள அறைகளின் எண்ணிக்கை வெளிக்கோடுகளோடு ஒத்துப்போக வேண்டும். மேற்பரப்பில் கோடு கீறலாம். மூடிய கொட்டைக்குள் அறை கட்ட யாராலும் முடியாது.

மாலையில் பழுப்பாகக் கிடக்கும் இந்த மணி, மரத்தில் பளீரென்ற நீலப் பழத்துக்குள் இருந்தது. அந்தத் தோலில் நீலச் சாயமே இல்லை. 1991இல் டேவிட் லீ என்ற தாவரவியலாளர் இதை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தோலின் செல்களில் உள்ள நுண்ணடுக்குகள் ஒளியின் நீலப் பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. மயில் தோகையின் நிறமும் இதே வகைதான். நீலம் கண்டு வரும் பறவைகள் பழத்தை விழுங்கி, சதையைச் செரித்து, கொட்டையைத் தொலைவில் போட்டுவிடும். அந்தப் பயணத்தில் விதை சேதமாகாமல் காப்பது கல் போன்ற அந்த ஓடு. கண்டிகையாகத் தலைமுறை தாண்டி நம் கழுத்தில் கிடப்பதும் அந்த உறுதியால்தான்.

அணிந்த பிறகும் அது ஈரத்தை வாங்கும், விடும். சோப்பும் சுடுநீரும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் வறண்டு வெடிக்காது. தோலின் எண்ணெயும் வியர்வையும் ஏற ஏற மணி கறுக்கும். அது குறையல்ல, அணிந்தவரின் காலம் அதில் ஏறுவது.

அடுத்த முறை கடையில் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, மணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஐந்து கோடுகளையும் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுங்கள். பூவுக்குள் ஐந்து அறைகளாகத் தொடங்கிய கணக்கு உங்கள் விரலுக்கு எட்டும்.