கடை வாடகை ஒப்பந்தம்: கையெழுத்திட்ட பின் வெளியே வர வழி உண்டா?

கடை திறப்பதற்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறோம். கடையைக் காலி செய்வதற்கு யாரும் அச்சடிப்பதில்லை. இடம் சரியில்லை என்று ஆறே மாதத்தில் தெரிந்துகொண்டும், "மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோமே" என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டத்தோடு தினமும் ஷட்டரைத் தூக்கி இறக்கும் வணிகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. கோயம்பேட்டில் அந்தப் பயணிகளையே நம்பியிருந்த கடைகளின் வியாபாரம் என்னவாகியிருக்கும் என்பதை ஒரு வணிகருக்கு விளக்கத் தேவையில்லை. கடைக்காரர் மேல் ஒரு தவறும் இல்லை. ஆனால் வாடகைத் தேதி மட்டும் தவறாமல் வருகிறது.

இந்த நிலையில் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, முன்பணம் கழிகிற வரை கழியட்டும் என்று வாடகையை நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அல்லது, இரவோடு இரவாகச் சரக்கை ஏற்றிக்கொண்டு, பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டுமே தவறான வழி. சரக்கு போனாலும், ஷட்டரில் தொங்குவது யார் பூட்டோ, இடம் அவர் வசம் இருப்பதாகத்தான் கணக்கு. வாடகையும் அவர் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும். சாவி எழுத்து மூலமாகக் கை மாறுகிற நாளில்தான் வாடகை நிற்கும் என்பதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விளக்கம். நம் ஊர் வழக்கில் 'லீஸ்' என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பதையும் சொல்கிறோம். அந்த ஒத்தி, போகிய விவகாரம் வேறு. இங்கே பேசுவது மாத வாடகைக்கு, முன்பணம் கொடுத்து எடுக்கும் கடைகளைப் பற்றி. கோயில் கடைகளும், நகராட்சி ஏலத்தில் எடுத்த கடைகளும்கூட இதில் சேரா. அவற்றுக்குத் தனி விதிமுறைகள் உண்டு. செயல் அலுவலருக்கோ ஆணையருக்கோ எழுதிக் கொடுத்து, பதில் வாங்கித்தான் வெளியே வர வேண்டும்.

முதலில் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

பீரோவில் இருக்கும் பத்திரத்தை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். காலம் எவ்வளவு? பதிவு செய்யப்பட்டதா? காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு?

பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பெரிய சிக்கல் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னறிவிப்பு என்று இருக்கும். அதன்படி எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். சிக்கல் வருவது மூன்று வருடம், ஐந்து வருடம் என்று எழுதிய பத்திரங்களில்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைக் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 107-வது பிரிவும், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-வது பிரிவும் சொல்கின்றன. ஆனால் கடைத்தெருவில் என்ன நடக்கிறது? மூன்று வருடத்துக்கு முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, பதிவுச் செலவை மிச்சம் பிடித்துவிடுகிறோம்.

அப்படிப் பதிவாகாத பத்திரம் அந்த மூன்று வருடக் காலத்தை நிலைநாட்டாது. கடையில் இருந்து வாடகை கொடுத்து வந்தால் மாத வாடகை உறவு மட்டுமே இருப்பதாகக் கொள்ளலாம் என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மாத வாடகை என்றால் சொத்து மாற்றுச் சட்டம் 106-வது பிரிவின்படி 15 நாள் அறிவிப்பு. ஆயினும் ஒரு முழு மாதம் கொடுத்துவிடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே பத்திரம் உங்களையும் மூன்று வருடத்துக்குக் காப்பாற்றாது. கட்டட உரிமையாளரும் அதே வாதத்தைத் திருப்பிப் போடலாம்.

தமிழ்நாட்டு நகரப் பகுதிகளில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. முன்பணத்துக்கு அது சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாத முன்பணம் சர்வ சாதாரணமாக இருக்கிற நம் கடைத்தெருக்களில் இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும்.

"வியாபாரம் இல்லை" என்பது சட்டக் காரணமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. 2020 ஊரடங்கின்போது, கடையைத் திறக்கவே முடியவில்லையே, ஒப்பந்தம் தானாக ரத்தாகாதா என்று பலர் கேட்டார்கள். ஒப்பந்தச் சட்டம் 56-வது பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் கட்டடக் குத்தகைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. இடத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு வாடகை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதே 2020 மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம்.

வெள்ளம், தீ போன்றவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவில், இத்தகைய காரணத்தால் கட்டடத்தின் முக்கியப் பகுதி அழிந்துபோனாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ வாடகைதாரர் விரும்பினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். 'நிரந்தரமாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனையோ கடைகளில் அரிசி மூட்டைகள் நனைந்து வீணாயின. சரக்கு போனது உண்மை. ஆனால் தண்ணீர் வடிந்து கட்டடம் நிற்குமானால் இந்தப் பிரிவு உதவாது. அதற்குக் காப்பீடுதான் துணை.

உரிமையாளர் பக்கம் குறை இருந்தால் கதை வேறு. கட்டடம் அடமானத்தில் இருப்பதையோ, சாலை விரிவாக்கத்துக்கு அறிவிப்பு வந்திருப்பதையோ தெரிந்தே மறைத்து, பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விவரம் தெரிந்தவுடன் எழுத்தில் கேட்க வேண்டும். தெரிந்த பிறகும் ஆறு மாதம் வாடகை கட்டிக்கொண்டிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும்.

'லாக்-இன்' என்னும் பூட்டு

இப்போதெல்லாம் புது வணிக வளாகங்களில் மட்டுமல்லாமல், சாதாரணத் தெருக் கடைக்கும் இந்த நிபந்தனையைச் சேர்க்கிறார்கள். இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகை முழுவதையும் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். படிக்காமல் கையெழுத்திடுகிறோம். அதே நிபந்தனை உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மளிகைக் கடை ஒன்று, வாடகை 18,000 ரூபாய், முன்பணம் 1,80,000. லாக்-இன் 18 மாதம். எட்டு மாதம் முடிந்துவிட்டது, மீதி பத்து மாதம். மாத விற்பனை மூன்று லட்சம், அதில் கிடைப்பது பத்து சதவீதம் என்றால் 30,000. செலவோ வாடகை 18,000, ஆள் சம்பளம் 24,000, மின்சாரம் 6,000, ஆக 48,000. மாதம் 18,000 கையைக் கடிக்கிறது. பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் நஷ்டம் 1,80,000. இன்றே வெளியேறி, உரிமையாளர் முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டாலும் நஷ்டம் அதே 1,80,000தான்! வெளியேறியவருக்குச் சரக்கில் முடங்கிய முதல் கைக்கு வருகிறது. பத்து மாத உழைப்பும் மிச்சம். ஆகவே மிக மோசமான நிலையிலும் நஷ்டக் கடையைப் பிடித்துக்கொண்டிருப்பதில் லாபம் இல்லை.

உண்மையில் அந்த மோசமான நிலைக்கும் போக வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். இரண்டு மாதத்தில் அதே வாடகைக்கு வேறு ஆள் வந்துவிட்டால், உரிமையாளருக்கு ஏற்பட்ட நஷ்டம் இரண்டு மாத வாடகையும் கொஞ்சம் வெள்ளையடிப்புச் செலவும்தானே? இதை நீதிமன்றத்தில் சொல்லி வாங்க வருடக்கணக்காகும். ஆனால் பேச்சுவார்த்தையில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மேலே சொன்ன கடைக்காரர் மூன்று மாத வாடகையான 54,000-ஐ விட்டுக் கொடுத்து 1,26,000-ஐத் திரும்பப் பெற்றால் அது நல்ல பேரம்.

ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்

பேரத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. அடுத்த வாடகைதாரரைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் சிறந்த வழி. உங்கள் மளிகைக்கு ஓடாத இடம் ஒரு மருந்துக் கடைக்கோ, கைப்பேசி பழுது பார்ப்பவருக்கோ ஓடலாம். உரிமையாளருக்கு வேண்டியது மாதம் பிறந்தால் வாடகை. அது நிற்காது என்று தெரிந்தால் பெரும்பாலோர் வம்பு செய்வதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உரிமையாளருக்குத் தெரியாமல், குட்வில் வாங்கிக்கொண்டு சாவியைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுத்து மூலச் சம்மதம் இல்லாத உள்வாடகை உங்களைத்தான் திருப்பித் தாக்கும். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும் வரை அவர் வைக்கும் பாக்கியும் உங்கள் பாக்கியே. மூவரும் உட்கார்ந்து பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்து, புதியதை உரிமையாளரும் புது வாடகைதாரரும் நேரடியாக எழுதிக்கொள்வதே முறை. தேவைப்பட்டால் சங்கப் பெரியவர்கள் ஒருவர் இருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். வக்கீல் நோட்டீஸில் முறுக்கிக்கொள்ளும் உரிமையாளர், தெருவில் தினமும் முகம் பார்க்கும் மனிதர் சொன்னால் இறங்கி வருவதுண்டு.

பத்திரம் பதிவானதாக இருந்தால் உங்கள் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. அந்தக் குத்தகை வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். கட்டடத்தை விற்கவோ வங்கியில் வைக்கவோ நினைக்கும் உரிமையாளருக்கு அது நீங்க வேண்டும். ரத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வந்து பதிந்து தருகிறேன், அன்றே முன்பணத்தைக் கொடுங்கள் என்று கேட்கலாம்.

சாவி கொடுக்கும் நாள்

அறிவிப்பைச் சுருக்கமாக எழுதுங்கள். 'இன்ன தேதியிட்ட ஒப்பந்தப்படி நான் வாடகைக்கு இருக்கும் இன்ன கதவு எண் கடையை, இன்ன தேதியன்று காலை 11 மணிக்குக் காலி செய்து ஒப்படைக்கிறேன். அன்று வந்து சாவியைப் பெற்றுக்கொண்டு, முன்பணம் இவ்வளவில் பாக்கி போக மீதியைத் தரக் கோருகிறேன்.' இவ்வளவு போதும். வசவு, வருத்தம் எதுவும் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில், பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது.

சொன்ன நாளில் உரிமையாளர் வரவில்லை, சாவியை வாங்க மறுக்கிறார் என்றால் பயந்துவிட வேண்டாம். காலிக் கடையைப் படம் எடுத்து, இரண்டு சாட்சிகளோடு குறித்து வைத்து, 'சாவி தர வந்தேன், நீங்கள் பெறவில்லை' என்று அன்றே இன்னொரு கடிதம் அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஏறும் வாடகைக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று வாதாட அந்தக் கடிதமே ஆதாரம்.

அலமாரி, ரேக், பலகை போன்று நீங்கள் பொருத்தியவற்றைக் கடை உங்கள் வசம் இருக்கும்போதே கழற்றிக்கொள்ள வேண்டும். சுவரைப் பழையபடி பூசிக் கொடுத்துவிடுங்கள். மின் கட்டணத்தை அன்றைய மீட்டர் அளவு வரை கட்டி ரசீதை இணைத்துவிடுங்கள். வேறு இடத்துக்கு மாறுகிறவர்கள் ஜிஎஸ்டி பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் இடத்தைச் சார்ந்தது, பழைய முகவரியிலேயே விட்டுவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் போட்ட அன்று பிணையாகத் தேதி போடாமல் கையெழுத்திட்ட காசோலைகளைக் கொடுத்திருந்தால், சாவி கொடுக்கும் நாளிலேயே அவற்றைத் திரும்ப வாங்கி, ஒப்படைப்புச் சீட்டில் காசோலை எண்களை எழுதி உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு இரண்டு பிரதி, இருவர் கையிலும் ஒன்று.