மறைந்திருக்கும் சத்துரு

புற்றுநோயில் முதலில் தோன்றும் கட்டியைவிட, அதிலிருந்து பிரிந்து எலும்பிலும் ஈரலிலும் ஒளிந்து குடியேறும் கிளைகளே பெரும்பாலும் உயிரைக் குடிக்கின்றன. அக்கிளைகள் இருப்பதையறியாமல் மூலக்கட்டியை மட்டும் அறுத்தெறிவது, சத்துரு கோட்டைக்குள் புகுந்த பின்னர் வாயிற்கதவைத் தாழிடுவதற்கு ஒப்பாகும். நிலத்தை விற்று ரணசிகிச்சை செய்துகொண்ட குடியானவன், சில மாதங்களில் நோயோடு கடனையும் சேர்த்துச் சுமக்கிறான்.

தேகம் முழுவதையும் எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் படம்பிடிக்கும் முறை இதற்கு ஒரு பரிகாரமாகும். வலிய காந்தமும் ரேடியோ அலைகளும் சேர்ந்து, தேகத்து நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களைக்கொண்டே படத்தை வரைகின்றன. எக்ஸ் கதிர்களுக்கு இதில் வேலையில்லை. உயிரணுக்கள் நெருங்கிய கட்டியினுள் நீர் தாராளமாய் உலவ இயலாது. அவ்விடம் படத்தில் பளிச்சென்று தெரியும். எலும்பு மஜ்ஜையில் பதுங்கிய நோயும் இவ்வாறு அகப்படுகிறது.

இங்கிலாந்தில் 16 ஆஸ்பத்திரிகளில் நடந்த பரிசோதனைகளின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. வழக்கமான பல சோதனைகளுக்கு இவ்வொரு சோதனை நிகரென்று அவை காட்டின. நுரையீரல் புற்றில் 19 நாள் பிடித்த காரியம் 13 நாளில் முடிந்தது. செலவும் 620 பவுனிலிருந்து 317 பவுனாய்க் குறைந்தது. பெருங்குடல் புற்றில் 13 நாள் 8 நாளாயிற்று. எனினும் இது சர்வரோக நிவாரணியன்று. நுரையீரல் புற்று பரவியிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேரை இரு முறைகளுமே தவறவிட்டன. நோய்க்குறி ஏதுமற்ற தனவந்தர் இதைப் பெருமைக்காகச் செய்துகொள்வதையும் நாம் ஆதரியோம். அற்பப் புள்ளியொன்று தென்பட்டு வீண் திகிலும் வீண் சிகிச்சையும் விளையக்கூடும்.

ஆனால் ஆறு நாள் மிச்சமாவது கூலிக்காரனுக்கு அற்ப விஷயமோ? ஆறு நாட் கூலியும் பஸ் செலவும் அவன் குடும்பத்தின் சோறல்லவா? கடலூர் சிப்காட் ஆலைகளின் நச்சுக்காற்றைக் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய கிராமத்தார் நெடுங்காலம் சுவாசித்திருக்கின்றனர். அவர்களுக்குப் புற்று கண்டால் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாற்றுக்கோ அலைவது ஏன்? ஜில்லாவுக்குள்ளேயே சிதம்பரம் இருக்கிறது. 1985-இல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்ட ராஜா முத்தையா வைத்தியக் கல்லூரி, 2021-இல் பிறந்த உத்தரவின்படி சர்க்காரின் சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் அவ்வாஸ்பத்திரியில், புற்று பரவியிருக்கக்கூடுமென்று வைத்தியர் கருதும் ஒவ்வோர் ஏழைக்கும் இச்சோதனை இலவசமாய்க் கிடைக்கவேண்டுமென்பது நமது கோரிக்கை.

யந்திரத்தை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. படத்தை வாசிக்கத் தேர்ந்த நிபுணரும், இரவிலும் விடுமுறையிலும் யந்திரத்தை ஓட்டும் சிப்பந்திகளும் வேண்டும். அந்நிய யந்திரத்தின் விலையைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் இடமில்லை. பெங்களூரில் உருவான 1.5 டெஸ்லா சுதேசி யந்திரம் 2023-இல் டில்லியில் வெளியிடப்பட்டது. வ.உ.சி. சுதேசிக் கப்பலோட்டிய நாட்டில் சுதேசி யந்திரத்தை ஆதரிக்க யோசிப்பானேன்?

ஆலைகளுக்கு அனுமதியளித்தது சர்க்கார். புகையைச் சுமந்தவர்கள் ஜனங்கள். அந்தக் கடனைச் சிதம்பரத்திலேயே தீர்க்க முன்வருவார்களாக!