பறையை எடுக்கத் தயங்கும் கை

வேளச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டீக்கடை ஓரம் நின்றால் தமிழ்நாட்டின் பல மாவட்டத்துப் பேச்சும் காதில் விழும். தரமணி, பெருங்குடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கும் பகுதி அது. 2007-இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்த பிறகு இன்னும் வசதியாகிவிட்டது. நம் காலனிகளிலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி வந்தவர்களும் இவர்களில் உண்டு.

ஜனவரி வந்தால் அலுவலகங்களில் பொங்கல் விழா. யார் பாடுவது, யார் ஆடுவது என்று பெயர் கேட்பார்கள். ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஆடிய பிள்ளை அங்கே மட்டும், "எனக்குக் கூச்சம், விட்டுடுங்க" என்று கடைசி வரிசைக்குப் போய்விடும்.

கூச்சம் எல்லோருக்கும் இருப்பதுதான். முகம் தெரியாத ஆயிரம் பேர் முன்னால்கூட ஆடிவிடலாம். மறுநாள் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிற பத்துப் பேர் முன்னால் ஆடுவதுதான் கஷ்டம். அடி தப்பினால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தப் பயத்துக்குச் சாதி கிடையாது. பறை தெரிந்த பிள்ளைக்கு இதற்கு மேல் இன்னொரு பயம். "நல்லா அடிக்கிறியே, எங்கே கத்துக்கிட்டே?" என்பார்கள். அடுத்து "சொந்த ஊர் எது?" அதற்கும் அடுத்த கேள்வி என்னவென்று அவனுக்குத் தெரியும். வாடகைக்கு வீடு தேடிய நாட்களிலேயே கேட்டுப் பழகிய கேள்விதான்.

அந்தக் கடைசி வரிசையில் நானும் மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். என் தாத்தா பறை அடித்தவர். அப்பா அதைத் தொடவே கூடாது என்று எங்களை வளர்த்தார். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும், கூலி பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தை அவர் பார்த்தவர். இனி பறை அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் நம்மவர்கள் மறுத்ததும் அதனால்தான். அந்த மறுப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். கட்டாயத்துக்கு அடிப்பது வேறு, நாமாக விரும்பி எடுப்பது வேறு.

விரும்பி எடுத்தவர்களும் நமக்கு முன்னால் இருக்கிறார்கள். வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே, தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் கே.ஏ.குணசேகரன். சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் 1955-இல் பிறந்தவர். பேராசிரியரான பிறகும் நாட்டுப்புறப் பாடல்களை ஆய்வு செய்வதோடு நிற்காமல் தானே மேடையேறிப் பாடினார். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த குரல் அவருடையது. பட்ட காயங்களை 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதிவைத்துவிட்டு 2016 ஜனவரியில் மறைந்தார். படித்துப் பெரிய பதவிக்குப் போனவன் இதையெல்லாம் மறைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவர் வாழ்க்கையே பதில்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். ஆண்கள் மட்டுமே தொட்டுவந்த கருவியைத் திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்தது. அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எங்கள் பயிற்சி வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடியில் நடந்தது. ஐந்து பேர். பயிற்சி கொடுத்த அண்ணன் முதல் வாரம் பறையைக் கொடுக்கவே இல்லை. வட்டமாக நிற்க வைத்து அடியை வாயால் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே கால் வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி. வட்டத்தில் நிற்கும்போது கண் பார்ப்பவர்களிடம் போகாது, எதிரே ஆடுகிறவரின் காலில் இருக்கும். ஒருவர் விட்ட அடியை நாலு பேர் மூடிவிடுவார்கள். கூச்சம் பாதி குறைந்தது இப்படித்தான். கீழ்வீட்டிலிருந்து ஏறிவந்து "யாராவது இறந்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, ஆபீஸ் பொங்கல் என்றோம்.

விழா நாளில் ஏ.சி. அரங்கில் தோல் தொய்ந்துவிட்டது. உள்ளே தீ மூட்ட விடமாட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கு வெளியே பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டு மேடைக்கு ஓடினோம். அந்த ஓட்டத்தில் பயப்பட நேரமில்லை. இரண்டாவது அடவில் என் குச்சி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன், அவ்வளவுதான்.

முடிந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "எங்கே கத்துக்கிட்டீங்க?" "எங்க காலனியில தாத்தா அடிப்பார். அந்தச் சத்தத்துல வளர்ந்தவன். முறையாக் கத்துக்கிட்டது இப்பதான்" என்றேன். கேட்டவர் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கை கொடுத்துவிட்டுப் போனார். தினமும் என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் மறுநாளிலிருந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அலுவலகத்தில் அதுவரை சொந்த ஊரைக்கூடச் சரியாகச் சொல்லாதவர்கள். ஒருவர் இந்தப் பொங்கலுக்கு எங்களோடு ஆடினார். மற்றவர் மேடைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் தவறாமல் வருகிறார்.