எபிசோட் எழுத்து வடிவம்: தாயகம் திரும்பியவர், அகதி, கொத்தடிமை – எந்தக் காகிதத்துக்கு எந்த உதவி?

இந்த எபிசோட் கொஞ்சம் காகித வேலை பத்தினது. போர் அடிக்கும்னு தோணினா வேகத்தை ஒன்றரைல வெச்சுக் கேளுங்க, ஆனா பாதில நிறுத்திடாதீங்க. கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி மெயில் அனுப்பியிருந்தாங்க. அவங்க பாட்டி எழுபதுகள்ல இலங்கை மலையகத்துல இருந்து கப்பல்ல வந்தவங்க. மூணு தலைமுறையா ஒரே தகரக் கொட்டாய்லதான் இருக்காங்க. "அண்ணா, எங்களுக்கு வீடு கட்ட அரசு மானியம் கிடைக்குமா? போற இடத்துல எல்லாம் நீங்க அகதியா, இந்தியரான்னு கேக்குறாங்க, என்ன சொல்றது?" இதுதான் கேள்வி. மழைக்காலத்துல பாட்டி படுக்கிற இடத்துல ஒழுகுதுன்னும் ஒரு வரி இருந்துச்சு.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். நீங்க இந்தியர். உங்க பாட்டி "தாயகம் திரும்பியோர்". அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் சட்டத்துல எடை. மலையகத்துல இருந்து வந்தவங்களைச் சுத்தி நம்ம அரசாங்கத்துல மூணு தனித்தனி அலமாரி இருக்கு. நான் சாஃப்ட்வேர்ல இருக்கறதால எனக்கு இது ஒரே ஆளை மூணு டேட்டாபேஸ்ல மூணு ஐடியோட போட்டு வெச்ச மாதிரி தெரியுது. எந்த ஐடியோட போய் நிக்கறீங்களோ, அந்த அலமாரிதான் திறக்கும்.

வரலாறு கொஞ்சம் வேணும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து காப்பித் தோட்டத்துக்கும் அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவங்க இவங்க. 1948-ல இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால பெரும்பாலானவங்க நாடற்றவங்க ஆனாங்க. 1964 அக்டோபர் 30-ல ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கு போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கறது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கறது, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கலாம்னு வெச்சாங்க. 1974-ல அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பிரிச்சுக்கிட்டாங்க. சாமான் பங்கு பிரிக்கிற மாதிரிதான். யாரு எங்க போகணும்ங்கறதுல அந்த மக்களோட குரல் எவ்வளவு சின்னதா இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தியாவுக்குன்னு முடிவானவங்களுக்கு கண்டியில இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் ஒரு குடும்ப அட்டை கொடுத்துச்சு. குடும்பத்துல யார் யார், என்ன வயசு, இந்தியாவுல எந்த மறுவாழ்வுத் திட்டம் ஒதுக்கியிருக்குன்னு அதுல இருக்கும். நம்ம ரேஷன் கார்டு இல்ல இது, குழப்பிக்காதீங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் ஒதுக்கின ஊர். நீலகிரிக்குப் போனவங்க பலருக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்துல, இன்னைக்கு டான்டீன்னு சொல்றோமே, அங்க வேலை கிடைச்சுது. அது 1968-ல இவங்களுக்காகவே தொடங்கின திட்டம், 1976-ல கழகமா மாறுச்சு. கூட்டுறவு நூற்பாலைகள் ஒரு வழி. 1969-ல தொடங்கின ரெப்கோ வங்கி இன்னொண்ணு. அதோட பேர்லயே தாயகம் திரும்பியோர்ங்கற சொல் இருக்குன்னு நகைக்கடன் வைக்கப் போற எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா பெரிய கூட்டத்துக்குக் கிடைச்சது வியாபாரக் கடன், 5,000 ரூபாய் வரைக்கும். தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்சவங்ககிட்ட ஒரு தொகையைக் கொடுத்து, பழக்கமில்லாத ஊர்ல கடை வைன்னு சொன்னா என்ன ஆகும்? திட்டம் போட்டவங்க இதை யோசிக்கலைங்கறதுதான் என் அபிப்ராயம். பணம் கரைஞ்சதும், பழகின குளிரையும் பழகின மலையையும் தேடி ஜனங்க மேல ஏறினாங்க. நீலகிரிக்கு நிறைய பேர், கொடைக்கானலுக்குக் கொஞ்சம் பேர். இங்க டான்டீ கிடையாது. இருந்தது வாட்டில், பைன், தைல மரக்காடுகள், பட்டை உரிக்கற வேலை, மரம் வெட்டற வேலை. குத்தகைக்காரர்கிட்ட முன்பணம் வாங்கிட்டு அதை அடைக்க முடியாம கொத்தடிமையா மாட்டினவங்க உண்டு.

ஆக, இங்க வந்தவங்க யாரும் அரசு ஒதுக்கின இடத்துக்கு வந்தவங்க இல்ல. சிக்கல் ஆரம்பிக்கறது அங்கதான்.

இப்ப வீட்டு மானியத்துக்கு வருவோம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்துல மத்திய விலைப்படி சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம். (அந்தக் கூடுதல் 10,000 ரூபாய் வத்தலகுண்டுல இருந்து மணலும் செங்கல்லும் ஏத்தற லாரிக்கு எத்தனை நடைக்கு வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.) இந்தத் திட்டங்கள்ல தாயகம் திரும்பியவரா இல்லையான்னு கேள்வியே இல்ல, ஏன்னா இந்தியக் குடிமக்கள் எல்லாருக்கும் பொது. முக்கியமான கேள்வி இதுதான்: நீங்க கட்டப் போற இடம் உங்க பேர்ல இருக்கா?

அதனால மானிய விண்ணப்பத்தை எழுதறதுக்கு முன்னாடி நிலம் எந்த வகைன்னு பாருங்க. சர்வே நம்பரைத் தெரிஞ்சுக்கிட்டு, வி.ஏ.ஓ.கிட்ட 'அ' பதிவேட்டைப் பாருங்க. ஆன்லைன்லயும் பாக்கலாம். கிராம நத்தம்னு இருந்தா நிம்மதி, நத்தம் பட்டா கேக்கலாம். அரசுப் புறம்போக்குன்னா என்ன வகைப் புறம்போக்குன்னு பாக்கணும். நீர்நிலை, மேய்ச்சல் மாதிரி வகைகளுக்குப் பட்டா கொடுக்க மாட்டாங்க. மத்ததுக்கு வீட்டுமனைப் பட்டா மனு போடலாம். தனியார் எஸ்டேட் நிலம்னா அங்க வீடு கட்டறதை மறந்துட்டு, வேற இடத்துல இலவச வீட்டுமனை கேக்கறதுதான் வழி.

காடுன்னு இருந்தா? பல பேர் "வன உரிமைச் சட்டம் இருக்கே"ன்னு சொல்வாங்க. 2006-ல வந்த அந்தச் சட்டத்துல பழங்குடிகளுக்கு ஒரு அளவுகோல், மத்தவங்களுக்கு இன்னொரு அளவுகோல். பழங்குடி அல்லாதவங்க 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடி மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டணும். எழுபதுகள்ல கப்பல்ல வந்தவங்க எப்படிக் காட்டுவாங்க? கணக்குப்படியே முடியாது. இது போதாதுன்னு 2013-ல இங்க 600 சதுர கிலோமீட்டருக்கு மேல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆச்சு. அதனால வன நிலத்துல உக்காந்துக்கிட்டு மானியத்துக்கு அலையறதை விட, "எங்களுக்கு மாற்று இடத்துல மனை கொடுங்க"ன்னு ஊரே சேர்ந்து ஒரு மனு போடறது நல்லது. காலம் வீணாகாம இருக்கும்.

அப்ப பாட்டியோட குடும்ப அட்டை எதுக்கு? ரொம்ப முக்கியம். "நீங்க யாரு"ங்கற கேள்விக்கு அதுதான் வேர். அட்டையில பாட்டி பேர், அதுல பிள்ளையா உங்க அப்பா பேர், அப்பாவோட பிள்ளையா உங்க பேர். இந்தச் சங்கிலி அறுபடாம இருக்கணும். தாத்தா இறந்திருந்தா இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுங்க. பேர்தான் பெரிய தலைவலி. கண்டியில ஒரு அதிகாரி காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல எழுதினது ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு. ஒரே அம்மா மூணு பேரா இருப்பாங்க. அதுக்கு "இரண்டு பெயரும் ஒருவரே"ன்னு ஒரு சான்று வாங்கி வெச்சுக்கோங்க, மானிய விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு, பேர்ல ஒரு எழுத்து மாறினதுக்காக ஒரு ஆபீஸ்ல விண்ணப்பம் ஏழு மாசம் கிடந்துச்சு. யாரும் திருப்பி அனுப்பல, யாரும் சொல்லவும் இல்ல, அப்படியே கிடந்துச்சு.

அசல் அட்டையை யார்கிட்டயும் கொடுக்காதீங்க. "காமிச்சுட்டுத் தரேன்"னு வர்றவங்ககிட்ட கண்டிப்பா கொடுக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, வீட்டுல ரெண்டு பேர் போன்லயும் வைங்க. அட்டையே தொலைஞ்சு போச்சுன்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட, அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு எழுதி, வந்த வருஷத்தையும் பேரையும் கொடுத்து, பதிவு இருந்தா நகல் கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும்னு சட்டம் சொல்லுது.

மனு எழுதறது பத்தி ஒரு வார்த்தை. ஒரு மனுவுல ஒரு கோரிக்கை. பட்டா, வீடு, ரோடு, தண்ணி எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதினா, அது நாலு துறைக்குப் போகணும், கடைசில ஒரு துறைக்கும் போகாது. முதல் பத்தியிலயே என்ன வேணும்னு எழுதிடுங்க, தாத்தா கதையைப் பின்னாடி எழுதலாம். கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகம் பக்கம். திங்கக்கிழமை குறைதீர் நாளுக்குப் போகணும்னா திண்டுக்கல் இறங்கணும், மேல்மலையில இருந்து போக வர ஒரு நாள் கூலி போயிடும். அதனால முதல்ல 1100-க்கு போன் பண்ணியோ, முதல்வரின் முகவரி இணையதளத்துலயோ பதிவு பண்ணி மனு எண் வாங்கிடுங்க. எண் இல்லாத மனு கையெழுத்தில்லாத செக் மாதிரி.

கொத்தடிமை விஷயத்தைத் தனியா சொல்லணும். 1976 சட்டப்படி மீட்கப்பட்டவங்களுக்கு மறுவாழ்வுத் தொகை உண்டு. 2016-ல மாத்தின மத்தியத் திட்டத்துல வயது வந்த ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகள் மாதிரியான பிரிவுகளுக்கு 2 லட்சம், மிகக் கொடுமையான நிலைமைகள்ல 3 லட்சம். இதோட சாவி விடுதலைச் சான்றிதழ். இன்னைக்கும் யாராவது முன்பணத்துக்காக ஒரு எஸ்டேட்லயோ வெட்டுக்காட்டுலயோ வெளிய போக முடியாம இருந்தாங்கன்னா, கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம். அந்தக் கடன் சட்டப்படி செல்லாது.

மூணாவது அலமாரி, அகதி முகாம்கள். 1984-ல கப்பல் நின்னு போச்சு. இந்தியாவுக்குன்னு முடிவாகியும் வர முடியாதவங்கள்ல சிலர் அப்புறம் போருக்குப் பயந்து படகுல வந்தாங்க. அதே தோட்டம், அதே சொந்தம், ஆனா கையில அகதிப் பதிவு. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2019-ல இப்படிப்பட்ட இந்திய வம்சாவளிக் குடும்பங்களோட குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லுச்சு. 2021 ஆகஸ்டுல தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவிச்சு, 'அகதிகள் முகாம்'ங்கற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு. குடும்பத் தலைவருக்கு மாசம் 1,000 ரூபாயா இருந்தது 1,500 ஆச்சு. நம்ம மாவட்டத்துல தோட்டனூத்துல 2022 செப்டம்பர்ல 321 வீடு திறந்தாங்க. இந்த உதவிகள் முகாம் பதிவை வெச்சு வர்றது. தாயகம் திரும்பியோர் அதைக் கேக்க முடியாது. முகாம்ல இருக்கறவங்க கனவு இல்லம் கேக்க முடியாது. ரெண்டையும் கலந்து ஒரு மனு போட்டா, "உங்க நிலைமை தெளிவில்லை"ன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. தங்கச்சி, உங்களுக்கு நடந்ததும் இதுதான்னு நினைக்கறேன். உங்க மனுவுல 'அகதி'ங்கற சொல்லை எடுத்துட்டு 'தாயகம் திரும்பியோர் குடும்பம், இந்தியக் குடிமக்கள்'னு எழுதி, அட்டை நகலைச் சேருங்க.

டொரொண்டோவுல இருக்கற ஒரு ஃப்ரெண்டு கேட்டான், "ஏன்டா, அங்க ஒரு அமைப்பு மொத்தமா அப்ளை பண்ண முடியாதா?" கனடாவுல குடியேற்றத் துறை திட்ட அறிக்கை கேக்கும், அமைப்புகள் எழுதி நிதி வாங்கி, புதுசா வந்தவங்களுக்கு மொழி வகுப்பு, வேலை வழிகாட்டல் எல்லாம் நடத்தும். வந்தவர் வெறும் கையோட போய் உக்காந்தா போதும். இங்க வந்தவரேதான் திட்ட அறிக்கை, வந்தவரேதான் அலையணும். அமைப்பா பண்ணணும்னா முடியும்: சங்கமாவோ அறக்கட்டளையாவோ பதிவு, நிதி ஆயோக்கோட தர்பண் தளத்துல பதிவெண், தணிக்கை பண்ணின கணக்கு. பணம் வந்ததும் பயன்பாட்டுச் சான்று கொடுக்கணும், அது போகலைன்னா அடுத்த தவணை நிக்கும். வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க அமைப்புக்குப் பணம் அனுப்பறதா இருந்தா எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இல்லாம ஒரு ரூபாய் கூட வாங்காதீங்க. நல்ல எண்ணத்துல பண்ணினாலும் அது குற்றம்தான்.

ஒரு ஊர்ல இருபது குடும்பம் இருந்தா, அறக்கட்டளை தொடங்கறதுக்கு முன்னாடி, படிச்ச ஒரு பொண்ணோ பையனோ இருபது வீட்டு அட்டையையும் ஸ்கேன் பண்ணி, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல பேர், அட்டை எண், சர்வே நம்பர், மனு எண், தேதி போட்டு வெச்சாலே போதும். அதுக்கு ஒரு மாதிரி ஷீட் செஞ்சு இந்தப் பக்கத்துல போட்டிருக்கேன், தமிழ்லயே இருக்கு, போன்லயும் திறக்கும். அடுத்த எபிசோட்ல வாரிசுச் சான்றிதழ் எப்படி வாங்கறதுன்னு ஒரு ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.வோட பேசறோம். கேள்வி இருந்தா வியாழக்கிழமைக்குள்ள அனுப்புங்க.