தீயின்றிப் புகையிலை: குருதியமுக்கம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், நடுவயது கடந்தோர் இருவர் சந்தித்து உரையாடுமிடத்துப் 'பிறஷர்' என்னுஞ் சொல் வாராதிருத்தல் அரிது. நூல்கள் குருதியமுக்கம் எனக் குறிக்கும் இதனையொட்டி அண்மைக் காலத்தில் ஒரு புதிய வினா எழுந்துள்ளது. இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழும் உறவினர் விடுமுறைக்கு ஊர் வருங்கால், இலத்திரனியற் சிகரெட்டு எனப்படும் சிறு கருவியையும் சிலர் உடன் கொணர்கின்றனர். இளைஞர் இதனை 'வேப்' என்பர். "இதற்கு மாறிவிடுங்கள், மாமா, புகையும் இல்லை, பிறஷரும் இறங்கிவிடும்" என்று அன்பினாற் கூறுவோரும் உளர். இக்கூற்றில் மெய் எத்துணை என்பதை ஆராய்தல் பயனுடைத்து. ஏனெனில், இதனை நம்பி மருந்தைக் கைவிடுவோர் இழக்கக் கூடியது தம் உயிரையேயாம்.

குருதியமுக்கமாவது, இதயம் உந்தும் குருதி நாடிகளின் சுவர்மீது செலுத்தும் அமுக்கமாகும். மாரிகாலத்தில் நம் வாவியின் நீர்மட்டம் உயர்வதற்கு இரு காரணங்கள் உண்டு. மேற்கிலிருந்து ஆறுகள் கொணரும் வெள்ளத்தின் மிகுதி ஒன்று. முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் குறுகியிருத்தல் மற்றொன்று. உடலிலும் இவ்வாறே. இதயம் மிகுதியாக உந்தினும் அமுக்கம் ஏறும். சிறுநாடிகள் சுருங்கி வழி குறுகினும் ஏறும். 1896 இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரொச்சி கைப்பட்டியை அமைத்தார். 1905 இல் உருசிய மருத்துவர் கொரொற்கோவ், பட்டியின் கீழ் நாடியில் எழும் ஒலியைக் கேட்டு மேலெண், கீழெண் ஆகிய இரண்டையுங் குறிக்கும் முறையைக் கண்டார். மருத்துவ நிலையத்தில் மீண்டும் மீண்டும் அளந்தும் மேலெண் 140 அல்லது கீழெண் 90 இரச மில்லிமீற்றரை எட்டி நிற்குமாயின் அஃது உயர் குருதியமுக்கமெனக் கொள்ளப்படும்.

இனிப் புகையிலைக்கு வருவோம். அதன் வலிமை நிக்கொற்றின் என்னும் பொருளில் உள்ளது. 1828 இல் செருமனியின் ஐடெல்பேர்க்கு நகரிற் போசெல்ற்று, றைமன் என்னும் இருவர் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். 1889 இல் கேம்பிரிட்சு நகரில் லாங்லி, டிக்கின்சன் என்பார் விலங்குகளின் நரம்புத்திரட்டுக்களில் அப்பொருளைத் தடவி, அஃது அவற்றை முதலில் தூண்டிப் பின் செயலறச் செய்வதைக் காட்டினர். புகைப்போன் உள்ளிழுத்த நிக்கொற்றின் ஏறக்குறைய 10 முதல் 20 செக்கனுக்குள் மூளையை அடைகின்றது. பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்படுகின்றது. சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அதிரினலினைச் சொரிகின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, நாடிகளும் சுருங்குகின்றன. வெள்ளமும் பெருகி முகத்துவாரமும் குறுகினாற் போன்ற நிலை இது. மேலெண் சில நிமிடங்களுள் 5 முதல் 10 வரை ஏறுதல் இயல்பு. நிக்கொற்றின் குருதியிற் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஆதலால், மணிக்கொரு முறை புகைப்பவனுடைய உடல் பகல் முழுதும் இத்தூண்டலினின்று விடுபடுவதில்லை.

ஆயினும் சிகரெட்டுப் புகையில் நிக்கொற்றின் ஒரு கூறேயாகும். இலை எரியும்போது ஆயிரக்கணக்கான பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுட் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். நுண்டுணிக்கைகளும் ஒட்சியேற்றும் பொருள்களும் நாடியின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய அகவணியைப் புண்படுத்துகின்றன. அவ்வகவணி நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயுவைச் சுரந்து நாடியை விரியச் செய்வது. அது பழுதுற்றால் நாடி விறைக்கும், குருதி உறையும், கொழுப்புப் படியும். மாரடைப்புக்கு வித்திடுவது பெரும்பாலும் இத்தீயின் வினையே.

இவ்விடத்து வியப்பான செய்தியொன்று உண்டு. பெருந்தொகையான மக்களை அளந்த பல ஆய்வுகளில், புகைப்போரின் குருதியமுக்கம் புகையாதாருடையதைவிட உயர்ந்து காணப்படவில்லை. சிலவற்றிற் சிறிது தாழ்ந்தும் இருந்தது. புகைப்போர் பொதுவாக மெலிந்த உடலினர் என்பது ஒரு காரணம். அளக்கும்போது அவர்கள் புகையாதிருத்தல் மற்றொரு காரணம். அளவீட்டுக்கு முன் அரைமணி நேரம் புகைத்தலும் தேநீர் அருந்துதலும் கூடாதென்பது விதி. படுவான்கரையிலிருந்து விடியுமுன் பேருந்தேறி வந்து, வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மணிக்கணக்காய் வரிசையிற் காத்திருப்பவர் தாமாகவே அவ்விதியைக் காத்துவிடுகின்றார். அவருடைய கையிற் கட்டிய பட்டி, காத்திருந்த உடலின் எண்ணையே காட்டும். வயலிலும் தோணியிலும் பீடி பிடித்த வண்ணம் உழைக்கும் உடலின் எண்ணை அன்று. 1991 இல் நியூயோர்க்கில் நோயாளரின் உடலிலேயே கருவியைப் பொருத்திப் பகல் முழுதும் அளந்தபோது இது வெளிப்பட்டது. மருத்துவர் முன்னிலையில் ஒத்த எண்ணைக் காட்டிய இரு கூட்டத்தாருள், விழித்திருக்கும் பொழுதிற் புகைப்போரின் மேலெண்ணே உயர்ந்து நின்றது. புகைப்பதை விட்டவர் ஓராண்டில் நான்கைந்து கிலோகிராம் எடை கூடுவதும் பொது வழக்கு. அதனால் எண் இறங்காமல் இருக்கவுங் கூடும். "விட்டும் பிறஷர் குறையவில்லையே" என்று சலித்து மீண்டும் பற்றவைப்போர் அறிய வேண்டுவது இது: எண் அசையாதிருப்பினும், மிகையான மாரடைப்பு அபாயம் ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகின்றது.

இலத்திரனியற் சிகரெட்டு இவ்விரண்டையும், அதாவது தீயையும் நிக்கொற்றினையும், பிரிக்க முயல்கின்றது. 2003 இல் சீன மருந்தியலாளர் ஒன் லிக் இக்கால வடிவில் அதனை அமைத்தார். மின்கலம் ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்க, புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரீனும் நிக்கொற்றினும் கலந்த நீர்மம் ஆவியாகின்றது. எரிதல் இல்லையாதலாற் காபனோரொட்சைட்டு மிகக் குறைவு. நிக்கொற்றினோ குறையாது நிற்கின்றது.

மாறியவரின் குருதியமுக்கம் யாதாகின்றது? இத்தாலியின் கத்தானியா நகரிலிருந்து 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று, உயர் குருதியமுக்கமுடைய புகைப்போரின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்தது. இக்கருவிக்கு மாறிய 43 பேருடைய மேலெண்ணின் நடுமதிப்பு ஓராண்டில் 140 இலிருந்து 130 ஆயிற்று. இது சிறிய இறக்கமன்று. ஆனாற் பதிவேட்டாய்வு காரணத்தை நிறுவாது. புகையை விட மனங்கொண்டவர் உப்பையுங் குறைத்து மருந்தையும் ஒழுங்காக உட்கொண்டிருக்கலாம். 2019 இல் இசுக்கொத்துலாந்தின் தண்டீ நகரில் நிகழ்ந்த ஆய்வு இன்னும் உறுதியானது. 114 புகைப்போருள் ஒரு பகுதியார் நிக்கொற்றின் உள்ள கருவிக்கும், ஒரு பகுதியார் நிக்கொற்றின் இல்லாத கருவிக்கும் மாறினர். ஏனையோர் சிகரெட்டையே தொடர்ந்தனர். மாறிய இரு பகுதியாருக்கும் ஒரு மாதத்துள் நாடி விரியும் ஆற்றல் மேம்பட்டது. அகவணிக்குத் தீயே முதற்பகை என்பதற்கு இது சான்று.

மறுபுறம், செருமனியின் லூபெக்கு நகரில் 2018 இல் வெளியிடப்பட்ட சோதனையொன்றைக் காண்க. சிகரெட்டுக்குப் பின் மேலெண் ஏறக்குறைய 15 நிமிடம் உயர்ந்து நின்றது. நிக்கொற்றின் உள்ள ஆவிக்குப் பின் 45 நிமிடம் உயர்ந்து நின்றது. நிக்கொற்றின் இல்லாத ஆவிக்கு அவ்வேற்றம் காணப்படவில்லை. ஆகவே மாறியவருக்கு நாடிச்சுவர் சற்றே இளகலாம்; ஆனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் எண் ஏறுதல் தொடரும். சிகரெட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பற்றவைத்தால் அணைந்தே தீரும். வேப்பிற்கு அவ்வெல்லை இல்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து ஓரிழுவை இழுத்து மீண்டும் வைத்துக்கொள்பவர் நாள் முழுதும் நிக்கொற்றினில் நனைந்திருப்பார். மாறியதாகக் கூறுவோருட் பலர் இரண்டையும் பயன்படுத்துகின்றனர் என்பதையும் மறத்தலாகாது. நாளொன்றுக்கு ஒரு சிகரெட்டே புகைப்பினும், இருபது புகைப்பவனுடைய மிகையான மாரடைப்பு அபாயத்திற் பாதியளவு எஞ்சும் என 2018 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று.

இவ்வளவும் பிறநாட்டுச் செய்தியெனத் தோன்றலாம். உண்மையில், தீயை நீக்கி நிக்கொற்றினை மட்டும் கொள்ளும் வழக்கம் நம் வாவிக்கரைக்குப் பழையது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தொன்மையானவை. விருந்தினர் முன் வட்டாவை வைக்காத வீடு ஒருகாலத்தில் இங்கு வீடென மதிக்கப்படவில்லை. புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியரின் கப்பல்கள் வந்த பின்னரே அது அவ்வட்டாவில் இடம்பெற்றது. இன்று எவருக்கும் அது வந்தேறியாகத் தெரிவதில்லை. சுருட்டை விட்டு வாய்க்குப் புகையிலையை மாற்றிக்கொண்ட முதியோர் ஊர்தோறும் உளர். அவர்கள் செய்ததும், வேப்பிற்கு மாறும் இளைஞன் செய்வதும் ஒன்றே.

இதன் இரசாயனம் அறியத்தக்கது. அமிலச் சூழலில் நிக்கொற்றின் மின்னேற்றம் பெற்றிருக்கும். அவ்வடிவிற் கன்னத்தின் உட்டோலை ஊடுருவுதல் அதற்கு அரிது. காரச் சூழலில் ஏற்றம் இழந்து எளிதில் ஊடுருவும். சிகரெட்டுப் புகை பெரும்பாலும் அமிலத்தன்மையது. ஆதலால் அதனை நுரையீரல்வரை இழுக்கவேண்டும். சுருட்டுப் புகை காரத்தன்மையது. வாயிற் கொண்டாலே போதும். வெற்றிலையிற் பூசும் சுண்ணாம்பு உமிழ்நீரைக் காரமாக்கி, புகையிலைத் துண்டிலுள்ள நிக்கொற்றினைக் கன்னத்தின் வழியே குருதிக்கு அனுப்புகின்றது. இரசாயனம் பயிலாத நம் மூதாட்டியர் விரல் நுனியால் அளவறிந்து செய்த வேலை அது. புதிய வேப் நீர்மங்களை ஆக்குவோர் இதற்கு நேர்மாறாக அமிலஞ் சேர்த்து நிக்கொற்றினை உப்பாக்குகின்றனர். தொண்டை கரகரக்காமல் ஆழமாக இழுப்பதற்கே அவ்வேற்பாடு. வழி வேறாயினும் சேருமிடம் ஒன்று.

வாயிலிட்ட புகையிலை குருதியமுக்கத்தை என்ன செய்யும்? 1988 இல் அமெரிக்க மருத்துவர் நீல் பெனோவிற்சும் துணைவரும் சிகரெட்டையும் வாய்ப்புகையிலையையும் ஒப்பிட்டனர். குருதியில் நிக்கொற்றின் எட்டிய உச்சம் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆயின் வாய்ப்புகையிலை மெல்ல ஊறி நெடுநேரம் நின்றமையால், உட்சென்ற மொத்த அளவு சிகரெட்டினும் ஏறக்குறைய இரு மடங்கு. இதயத் துடிப்பும் அமுக்கமும் இரண்டிலும் ஏறின. புகையாமையால் தம் நெஞ்சுக்குத் தீங்கில்லையென்று நினைக்கும் வெற்றிலைப் பிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. இலங்கை ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதும், பாக்கே புற்றுநோய்க் காரணியென 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுமுகாமை வகுத்ததும் வேறோரிடத்து விரிக்கத்தக்கன.

2014-2015 இல் நடந்த தேசிய அளவாய்வில், இலங்கை ஆண்களுள் நூற்றுவரில் ஏறக்குறைய 29 பேர் புகைப்போராகவும் 26 பேர் புகையில்லாப் புகையிலை கொள்வோராகவும் காணப்பட்டனர். இரண்டாம் எண் முதலாவதற்கு அணித்தாக நிற்பது கருதற்பாலது. பெண்களுட் புகைப்போர் இல்லையெனலாம். புகையில்லாப் புகையிலை கொள்வோரோ நூற்றுக்கு ஐவர் இருந்தனர். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 2016 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், புகையில்லாப் புகையிலைக் கலவைகளையும் புகையிலை கொண்ட இலத்திரனியற் சிகரெட்டுக்களையும் ஒருங்கே தடைசெய்தன. இந்தியா 2019 இல் இலத்திரனியற் சிகரெட்டுக்களைச் சட்டத்தால் தடுத்தது. தடையையுங் கடந்து பயணப்பெட்டியில் வரும் நீர்மத்தில் நிக்கொற்றின் எவ்வளவென்பதற்கு இங்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

ஆகவே அன்புடைய மருமகனுக்கு அந்த மாமா கூறத்தக்க விடை இதுவாகலாம்: சிகரெட்டை அறவே விட்டு வேப்பை மட்டும் கொண்டால் தீயின் கேடு குறையும், ஆயினும் 'பிறஷர்' இறங்குமென்பதற்கு உறுதியில்லை. மருத்துவர் தரும் மாத்திரையின் வேலையை அக்கருவி செய்யாது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பைக் குறைப்பவருக்கு அதனினும் மிகுதியான பயன் கிட்டக்கூடும். மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவர் அளந்து பார்த்துத் தீர்மானிக்கவேண்டியது.

வீட்டில் அளக்கும் கருவி வைத்திருப்போர், காலையில் எதுவும் புகையாமலும் மெல்லாமலும் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து ஒருமுறை அளக்கட்டும். வழக்கம்போல் வேப்போ வெற்றிலையோ கொள்ளும் நாட்பொழுதில் மற்றொருமுறை அளந்து, இரண்டையும் நேரத்துடன் குறித்து மருத்துவரிடம் காட்டட்டும். மருத்துவ நிலையங்களில் "புகைப்பீரா?" என்று வினவும்போது, இல்லையெனத் தலையசைக்கும் முதியவரின் கன்னத்துள் வெற்றிலை அடங்கியிருத்தல் நம் பகுதியில் அரிய காட்சியன்று. வெற்றிலையுடன் புகையிலை சேர்ப்பதுண்டா, நாளொன்றுக்கு எத்தனை வாய் என்னும் வினாவும், இளைஞராயின் வேப் பற்றிய வினாவும் அப்பதிவட்டையில் இடம்பெற வேண்டும்.