உயிரோடிருக்கும் எலியின் கல்லீரலில் இரத்த ஓட்டத்தை அளப்பது எப்படி?

மாணவர்களே, அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை செல்லும் வான் மாட் சாமான் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடலாம். ஆனால், ஒரு வயலுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு நீர் சேர்கிறது? வயல் நீரில் ஒரு வாளிச் சாயத்தைக் கலந்து பாருங்கள். புது நீர் வந்து பழைய நீர் வடிய வடியச் சாயம் வெளுக்கும். வெளுக்கும் வேகமே விடையைச் சொல்லிவிடும்.

உடலிலும் இதே கேள்விதான். 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் சேர்கிறது? மனித மூளையில் இது ஏறக்குறைய 50. இது 10க்கும் கீழே இறங்கினால் மூளை உயிரணுக்கள் மடியத் தொடங்கும். இரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் நடப்பது இதுதான்.

முன்பு ஆய்வாளர்கள் கதிரியக்க நுண்மணிகளை விலங்கின் இரத்தத்தில் செலுத்துவார்கள். பிறகு விலங்கைக் கொன்று, திசுவை வெட்டியெடுத்து அளப்பார்கள். அதன்பின் அதே விலங்குக்கு மருந்து கொடுத்து மாற்றத்தைப் பார்க்க வழியில்லை.

1987இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜோசப் ஆக்கர்மன் குழுவினர் வேறொரு வழியை வெளியிட்டனர். அவர்கள் எலியின் உடலில் செலுத்திய 'சாயம்' கனநீர். இதிலுள்ள ஹைட்ரஜனின் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக இருக்கும். அதன் பெயர் டியூட்டீரியம். அதற்குக் கதிரியக்கம் கிடையாது. நாம் குடிக்கும் நீரிலும் ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று டியூட்டீரியம்தான்.

ஒரு டெஸ்லா காந்தப்புலத்தில் சாதாரண ஹைட்ரஜன் 42.6 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் சமிக்ஞை தரும், டியூட்டீரியம் 6.5 மெகாஹெர்ட்ஸில் தரும். வானொலியில் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல், காந்த ஒத்ததிர்வு நிறமாலைக் கருவி டியூட்டீரியத்தை மட்டும் தனியாகக் கேட்கும். புது இரத்தம் வந்து கனநீரை அடித்துச் செல்லச் செல்ல, சமிக்ஞை தேய்ந்துகொண்டே வரும்.

இந்தத் தேய்வுக்கும் நீங்கள் இயற்பியலில் படிக்கும் அரை ஆயுள் கணக்கே பொருந்தும். மூளைத் திசுவில் சமிக்ஞை ஒரு நிமிடத்தில் பாதியானால், 0.693 × 0.9 × 100 = ஏறக்குறைய 62 மில்லிலிட்டர். இங்கே 0.9 என்பது மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே நீர் பங்கிடப்படும் விகிதம்.

டியூட்டீரியத்தின் சமிக்ஞை வலுவற்றது. அதனால் நுணுக்கமான படம் கிடைப்பது கடினம். இருந்தாலும் எலி உயிரோடிருக்கிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் அதே எலியை அளக்கலாம். சோதனைக்குத் தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கையும் குறையும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: சமிக்ஞை பாதியாகக் குறைய 6 நிமிடம் ஆனால், அந்த மூளைக்கு ஆபத்து நெருங்கிவிட்டதா?