மின்கம்பிக்கு அருகே வேலை: புற்றுநோய் ஆபத்து எவ்வளவு?

மின்சாரம் பாயும் எந்தக் கம்பியைச் சுற்றியும் காந்தப் புலம் ஒன்று உண்டாகிறது. மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் மின்புலமும் இருக்கும். இரண்டும் சேர்ந்ததையே மின்காந்தப் புலம் என்கிறோம். சாதாரணமாக ஒரு வீட்டுக்குள் காந்தப் புலத்தின் அளவு ஏறக்குறைய 0.1 மைக்ரோடெஸ்லா. துணைமின் நிலையப் பணியாளர், லைன்மேன், வெல்டர், மின்ரயில் ஓட்டுநர், இன்டக்‌ஷன் உலையருகே நிற்பவர், நாள் முழுதும் மோட்டார் பொருத்திய தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோர் மீது படுவது இதைப்போலப் பல மடங்கு. இந்தப் புலம் புற்றுநோயை உண்டாக்குமானால் அது இவர்களிடம்தான் பளிச்சென்று தெரிய வேண்டும்.

சந்தேகம் 1979-இல் கிளம்பியது. அமெரிக்காவின் டென்வர் நகரில், அதிக மின்னோட்டம் பாயும் கம்பிகளுக்கு அருகே வசித்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. 1982-இல் சாமுவேல் மில்ஹாம் என்ற மருத்துவர் வாஷிங்டன் மாநிலத்தின் இறப்புப் பதிவுகளை அலசி, மின்சாரத் தொழில்களில் இருந்த ஆண்களிடமும் ரத்தப் புற்றுநோய் மரணம் வழக்கத்தைவிட அதிகம் என்று எழுதினார். ஆனால் இறப்புச் சான்றிதழில் இருப்பது தொழிலின் பெயர் மட்டுமே. 'எலக்ட்ரீஷியன்' என்று எழுதப்பட்டவர் எத்தனை ஆண்டுகள், எவ்வளவு வலுவான புலத்தில் நின்றார் என்பது அதிலிருந்து தெரியாது.

அந்தக் குறையைப் போக்க, அளந்து பார்க்கும் ஆய்வுகள் வந்தன. கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாண மின்வாரியங்களும் பிரான்சின் மின்வாரியமும் சேர்ந்த ஆய்வு 1994-இல் வெளியானது. அதில் 2,23,292 ஆண்கள் இடம்பெற்றனர். 2,066 தொழிலாளர்கள் உடலில் அளவுமானியை அணிந்தபடி வேலை செய்தார்கள். அந்த அளவுகளைக் கொண்டு மற்றவர்கள் மீது பட்ட புலம் கணக்கிடப்பட்டது. அதிகமாகப் பட்டவர்களிடம் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ மூன்று மடங்காகத் தெரிந்தது. ஆனால், புலம் கூடக்கூட ஆபத்தும் ஏறுமுகமாகப் போகவில்லை. மூன்று வாரியங்களின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை.

அடுத்த ஆண்டே சாவிட்ஸ், லூமிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து அமெரிக்க மின் நிறுவனங்களைச் சேர்ந்த 1,38,905 ஆண்களைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே ரத்தப் புற்றுநோய்க்கும் காந்தப் புலத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. மாறாக, மூளைப் புற்றுநோய் மரணம் கூடியிருந்தது. இரண்டுமே பெரிய ஆய்வுகள், கவனமாகச் செய்யப்பட்டவை. ஒன்று காட்டும் நோயை மற்றொன்று காட்டவில்லை. உண்மையான காரணம் ஒன்று இருந்தால், இடம் மாறினாலும் அதே நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்ட வேண்டும். பல வகைப் புற்றுநோய்களை ஒரே சமயத்தில் சோதித்தால், ஒன்றிரண்டு தற்செயலாகவே உயர்ந்து நிற்பதும் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மின்சாரத் தொழிலாளி புலத்தோடு மட்டும் வேலை செய்வதில்லை. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பி.சி.பி. என்ற ரசாயனம் இருந்தது. இயந்திரங்களைத் துடைத்த கரைப்பான்களில் பென்சீன் கலந்திருந்ததும் உண்டு. பழைய மின்நிலையங்களில் கல்நார் இருந்தது. மூன்றும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியானவை. பென்சீன் உண்டாக்குவது அதே தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோயைத்தான்.

உடலுக்குள் என்ன நடக்கும் என்று பார்த்தாலும் சந்தேகம் வலுப்பெறவில்லை. எக்ஸ்ரே போன்ற கதிர்கள் மரபணுவின் பிணைப்புகளை நேரடியாக உடைக்கும். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு அந்த ஆற்றலில் மிகச் சிறு துளிகூடக் கிடையாது. புலம் மிக வலுவாக இருந்தால் உடலில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டி நரம்பையும் தசையையும் கிளறும், அவ்வளவே.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001-இல் மின்கம்பிகளின் காந்தப் புலத்தை '2பி' பிரிவில், அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. இந்த முடிவுக்கு அடிப்படை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் குறித்த ஆய்வுகளே. பெரியவர்களின் புற்றுநோய்களுக்குச் சான்று போதாது என்றே முகமை சொன்னது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் '2பி' என்பதை மட்டும் சொல்லித் தொழிலாளர்களைப் பயமுறுத்துவது நியாயமில்லை.

தொழிலாளர்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு வரம்பு, 50 ஹெர்ட்ஸில் 1,000 மைக்ரோடெஸ்லா. இது நரம்புத் தூண்டலைத் தடுக்க வகுத்தது, புற்றுநோயைக் கணக்கில் கொண்டதல்ல. அதை எட்டுவது கடினம் என்று நினைக்க வேண்டாம். பழைய டிரான்ஸ்பார்மர் வகை வெல்டிங் மெஷினில் 200 ஆம்பியர் ஓடும்போது, கேபிளைத் தோளில் சுற்றிப் போட்டிருக்கும் வெல்டரின் கழுத்து அதிலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், அங்கே புலம் 1,000 மைக்ரோடெஸ்லா. அதே கேபிள் 40 சென்டிமீட்டர் தள்ளிக் கிடந்தால் 100 மட்டுமே. எலக்ட்ரோடு கேபிளையும் எர்த் கேபிளையும் சேர்த்துக் கட்டினால், எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் வலுவான புலம் உள்ள இத்தகைய வேலைகளில் இறங்கக் கூடாது.

புலத்தின் நிலை இப்படியிருக்க, வெல்டிங் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டு முகமை 2017-இல் உறுதியாகவே அறிவித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத புலத்தைப் பற்றிய பயத்தில், கண்ணெதிரே எழும் புகையை மறந்துவிடக் கூடாது. கேபிளைத் தள்ளிப் போடக் காசு செலவில்லை. புகையை உறிஞ்சும் கருவியையும் தகுந்த சுவாசக் கவசத்தையும் வாங்கித் தருவது பட்டறை உரிமையாளரின் பொறுப்பு. தொழிலாளர்கள் அதைத் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும்.